மினுக்காத தகடு

மின்னோட்டம் காட்டும் அம்மீற்றரின் ஊசி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. நமசிவாயம் குனிந்து, கண்ணாடியில் மூச்சுப் படாமல் மறுபடி பார்த்தான். இரண்டு புள்ளி நான்கு. நேற்றும் அதுதான்.

கொப்பியில் நாளை எழுதினான். நேரத்தை எழுதினான்: ஒன்பது ஐம்பது. சாடிக்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நடுவில் தொங்கிய தகடு உள்ளங்கை அகலம். சாம்பலும் கறுப்பும் கலந்து, பல நாள் கழுவாமல் விட்ட சட்டியின் அடியைப் போலிருந்தது.

மனைவி கேட்டதற்காகத்தான் வீட்டின் பின்னாலிருந்த கொட்டிலுக்கு வந்திருந்தான்.

"ஊசி எங்கை நிக்குது எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்று கமலாவதி சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு நாள் நெருப்புக் காய்ச்சலில் அவளுடைய குரல் நூலாகியிருந்தது. "பேந்து பாக்கிறன்" என்றான் அவன். "இப்ப பாருங்கோ" என்றாள். அவளுடைய தாய் கஞ்சிக் கோப்பையோடு உள்ளே வந்தாள். அவன் எழுந்து வெளியே வந்தான்.

பென்சிலை வைக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பியது. பக்கத்து வளவுச் சின்னாச்சியின் குரல்.

"தம்பி! ஓடியாங்கோ தம்பி!"

அவன் ஓடவில்லை. பென்சில் மேசையிலிருந்து உருண்டது. அதைப் பிடித்துக் கொப்பியின்மேல் வைத்துவிட்டு நடந்தான். இரண்டு புள்ளி நான்கு என்று சொல்ல வேண்டும் என்ற நினைவு மட்டும் இருந்தது.

மாமி தங்கமுத்து, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். கமலாவதியின் வாய் சிறிது திறந்திருந்தது. ஏதோ சொல்ல எடுத்து நிறுத்தியதைப்போல.

"போயிட்டாள், தம்பி" என்றாள் மாமி.

சின்னாச்சிதான் அழுதாள். மாமி அழவில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன. கடைக்குப் போகிற பிள்ளை வாங்கவேண்டியதை மறந்துவிடாமல் சொல்லிக்கொண்டு போவதைப்போல, சத்தமில்லாமல் எதையோ திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேவாரமாக இருக்கும் என்று அவன் நினைத்தான்.

*

வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவன் இரசாயனம் படிப்பித்தான். கலியாணம் முடித்து மூன்று வருடம். பிள்ளை இல்லை. பண்டத்தரிப்பில் மனைவிக்குச் சீதனமாக வந்த வளவின் பின்பக்கத்தில், மாட்டுக்கொட்டிலாக இருந்ததைக் கழுவி மேசை போட்டிருந்தான்.

அங்கே செய்ததைப் பலருக்கும் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வைத்தால் ஒரு வாயு வெளியேறுகிறது. விறகு எரிந்தாலும் அதுதான். நாம் விடுகிற மூச்சிலும் அதுதான். கரியமில வாயு. ஒன்றுக்கும் உதவாமல் வானத்துக்குப் போகிறது. அதை அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் குமிழியாக விட்டு, உலோகத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், அந்த வாயு எறும்பு அமிலமாக மாறும். எல்லாம் தகட்டில் இருக்கிறது. தகடு தான் கரைவதில்லை, தேய்வதில்லை. கலியாணத் தரகனைப்போல நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்கும். சரியான தரகன் அமைய வேண்டும்.

எறும்பு அமிலம் என்னத்துக்கு என்று கேட்பார்கள். தெற்கே ரப்பர் பால் உறையவைக்க அது வேண்டும். யப்பான் சண்டை தொடங்கியபின் கப்பல் வருவதில்லை. பால் இருக்கிறது, புளிக்கவைக்க அமிலம் இல்லை.

"அப்ப காத்தைப் புளியாக்கப் போறீர்" என்றான் மனைவியின் தமையன் மார்க்கண்டு. புகையிலைத் தோட்டக்காரன். "நல்லது மச்சான். புளி விக்கிற விலையிலை, முதல்லை எங்கடை வீட்டுக்கு ஒரு போத்தில் தாரும்."

செம்பைப் போட்டுப் பார்த்தான். துத்தநாகம், காரீயம் பார்த்தான். ஒவ்வொரு நாளும் தகட்டை உப்புத்தாளால் கண்ணாடியாகத் தேய்த்துத்தான் சாடிக்குள் இறக்குவான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வந்தது சொட்டு. சில நாள் அதுவும் இல்லை.

வெள்ளீயத் தகடு கமலாவதி செய்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் வருடத்துக்கொருமுறை வருவான். அவனிடம் ஒரு கட்டி வாங்கி, அம்மியில் வைத்துக் குழவியால் தட்டித் தட்டி மெல்லிசாக்கினாள். அவன் கல்லூரியில் நிற்கும் நேரங்களில் சாடிகளைப் பார்த்ததும் அவள்தான். ஊசியைப் பார்ப்பாள், தண்ணீர் விடுவாள், கொப்பியில் எழுதுவாள்.

ஒருநாள் வந்து பார்த்தபோது தகடு கறுத்துக் கிடந்தது.

"ஏன் உதை மினுக்கேல்லை?" என்று கேட்டான்.

"வேணுமெண்டுதான் விட்டனான். முந்தநாள் மினுக்க மறந்துபோனன். அண்டைக்குத்தான் மணம் கூட வந்தது."

"என்ன மணம்?"

"முசுறு நசிச்ச மணம்."

மாமரத்தில் ஏறிய எவருக்கும் முசுறு எறும்பைத் தெரியும். கையில் நசிந்தால் மூக்கில் ஏறும் புளிப்பு. அவன் சாடித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, இரண்டு துளி கடும் அமிலம் விட்டு முகர்ந்தான். முசுறுதான்.

"உது ஊத்தையாலை வந்த ஏதோ பிழை" என்றான்.

"பிழையோ சரியோ, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. படிச்சவர் நீங்கள்தானே."

பார்த்தான். கல்லூரியில் வைத்து மூன்று விதமாகச் சோதித்தான். சரிதான். தேய்த்த தகட்டில் வந்ததைப்போல எட்டு மடங்கு. பிறகு அதே கட்டியில் இன்னும் இரண்டு தகடு தட்டிக் கறுக்கவிட்டார்கள். அவற்றில் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு தகட்டில் மட்டும் வந்தது. ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அதை மினுக்க வேண்டாம்." அவன் கொட்டிலுக்குப் போகும்போதெல்லாம் சொன்னாள். காய்ச்சலில் படுத்தபிறகும், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், பாயிலிருந்து சொன்னாள்.

தெற்கே ரப்பர் ஆராய்ச்சி செய்கிற ஒருவருக்கு ஒரு சிறு போத்தல் அனுப்பினான். பதில் வந்தது. பால் உறைந்தது, அமிலம் உண்மையானது, தகட்டையே பார்க்க வேண்டும், கழுவாமல், துடைக்காமல், உள்ளபடியே கொண்டுவரவும், சரியாக இருந்தால் இங்கே இரண்டு வருடத்துக்கு ஓர் இடம் உண்டு. அவன் அனுப்பிய கடிதத்தின் நகலைக் கமலாவதி எடுத்து வாசித்தாள். அவளுக்கு இங்கிலீசு ஓரளவு தெரியும்.

"உதவியாள் ஒருவர் தவறுதலாகத் தகட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டதால்... உதவியாள் எண்டது ஆர், நானோ?"

"ஓம்."

"தவறுதலாவோ?"

அவன் சிரித்தான். "மாத்தி எழுதிறன்" என்றான். அவளும் சிரித்தாள். அடுத்த கிழமை அவளுக்குத் தலையிடி தொடங்கியது. மாற்றி எழுதவில்லை.

*

தொற்று வருத்தம் என்றபடியால் அன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார்கள். பதினொரு மணிக்குள் பந்தல் போட்டாயிற்று. வண்ணார் வெள்ளை கட்டினார். பறைமேளம் வந்து வாசற் படலையில் நின்றது. உள்ளே பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக் கூறைச் சேலை உடுத்தினார்கள். மஞ்சளும் குங்குமமுமாக நடுவீட்டில் கிடத்தியபோது, காய்ச்சலுக்கு முந்திய அவளைவிடக் கூட வயதானவளாகத் தெரிந்தாள்.

அவன் பந்தற் காலில் சாய்ந்து நின்றான். வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள். விட்டார்கள்.

மேளம் ஓய்ந்த ஒரு நேரத்தில் குமிழிச் சத்தம் கேட்டது. கொட்டிலிலிருந்து, குளக்... குளக்... என்று. வாங்கில் இருந்த இரண்டு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்க்கண்டு அவனிடம் வந்தான். தோளில் சால்வை இல்லை. கண் சிவந்திருந்தது.

"மச்சான், உதை நிப்பாட்டும்."

"எதை?"

"உந்தக் கொட்டிலிலை கொதிக்கிறதை. பிரேதம் கிடக்கிற வீடு."

"கொதிக்கேல்லை. நிப்பாட்டினால் தகடு பழுதாப்போம்."

சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. பந்தலில் கதை நின்றது.

மார்க்கண்டு அவனுடைய முகத்தைப் பார்த்தான். "தகடு" என்றான். "என்ரை தங்கச்சியை உந்தத் தகட்டைப் பாத்த மாதிரி ஒரு நாள் பாத்திருந்தால் காணும்." போய்விட்டான்.

அது சரியில்லை என்று நமசிவாயத்துக்குத் தெரியும். இருபத்திரண்டு நாளும் அவன்தான் ஈரத்துணி போட்டான். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியை ஏற்றிவரத் தெல்லிப்பழைக்கு ஏழுதரம் சைக்கிளில் போனான். ஆனால் கடைசி ஐந்து நிமிடம் கொட்டிலில் நின்றான். அதையும் மார்க்கண்டுவுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்.

பன்னிரண்டரைக்குக் கல்லூரி ஆய்வுகூடத்துச் சந்தியோகு வந்தான். மின்னேற்றிய பற்றறிகள் இரண்டைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, வழமையான நாளில் வழமையான வேலைக்கு வந்தவன். படலையில் வாழை கட்டியிருந்ததைக் கண்டு இறங்கி நின்றான்.

"ஆர் சேர்?"

"அவ."

சந்தியோகு சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு பற்றறிகளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "மாத்திப்போட்டு வரட்டோ, சேர்?" என்றான்.

"மாத்தும்" என்றான் நமசிவாயம்.

உள்ளே கிரியைக்குச் சுண்ணம் இடிக்கத் தொடங்கினார்கள். உலக்கை விழும்போதெல்லாம் நிலம் அதிர்ந்தது. சாடி அதிருமே என்று நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்படவேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

மாமி தலைமாட்டில் இருந்தாள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொன்னபோது அவள் அவர்களோடு அசைந்தாள், சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. வாய்க்கரிசி போடும்போது குனிந்து மகளின் காதருகே ஏதோ சொன்னாள். பாடை படலையைத் தாண்டியதும் பெண்கள் அலறிக்கொண்டு வீதிமட்டும் வந்தார்கள். அவள் வரவில்லை. திரும்பி வீட்டின் பின்பக்கமாக நடந்துபோனதை அவன் கண்டான்.

*

பிள்ளையில்லாதபடியால் சுடலையில் கொள்ளி அவன்தான் வைத்தான். குடத்தைத் தோளில் சுமந்து மூன்று சுற்று வந்தான். திரும்பிப் பாராமல் போட்டான். கொள்ளியைப் பின்கையால் வைக்கச் சொன்னார்கள், வைத்தான்.

வேலிக்கு அப்பால் நின்றபோது புகை முதலில் நிலத்தோடு படர்ந்து, பிறகு நேராக எழும்பியது. புகைதான் கண்ணுக்குத் தெரிவது. தெரியாமல் போவது அதைவிடக் கூட. விறகிலிருந்து போவதும் அதே வாயு, உடம்பிலிருந்து போவதும் அதே வாயு. ஓர் உடம்பில் கரி எத்தனை இறாத்தல் என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. இருபத்திரண்டு நாள் மெலிவைக் கழிக்கவேண்டும் என்ற இடத்தில் நின்றுபோயிற்று.

சந்தியோகு பக்கத்தில் நின்றான்.

"புதன்கிழமை தகட்டோடை ரயிலிலை போறதெண்டு சொன்னியள், சேர். இனி உங்களுக்கு ஏலாதே. செத்தவீட்டுத் துடக்கு."

"நீர் போவீரோ?"

"நானோ? நான் கொழும்பைக் கண்டதில்லை, சேர்."

"தகட்டை மெழுகுத்தாளிலை சுத்தித் தாறன். மடியிலை வைச்சுக்கொண்டு போனால் காணும். ஒரு கடிதமும் தாறன்."

"தகடு பத்திரமாப் போகும். பயப்படாதேங்கோ."

"கடிதத்தை இனித்தான் எழுதவேணும்" என்றான் நமசிவாயம். "முந்தி எழுதினதிலை ஒரு பிழை. உதவியாள் எண்டு எழுதிப்போட்டன். அவவின்ரை பேரை எழுதவேணும். கண்டுபிடிச்சது அவ எண்டு."

சந்தியோகு தலையை ஆட்டினான்.

கடிதம் நமசிவாயத்தின் மனத்தில் தன்பாட்டில் உருவாகிக்கொண்டிருந்தது. வெள்ளீயத் தகட்டைத் தயாரித்ததும், அதைச் சுத்தம் செய்யக்கூடாது என்று கண்டதும் எனது மனைவி, திருமதி கமலாவதி நமசிவாயம். அந்த வசனத்தில் ஒரு சொல்லும் கூட்டத் தேவையில்லை. தகட்டோடு போனால் அது நிற்கும். தகடு இல்லாமல் போனால், பெண்சாதி செத்த ஒருவன் எழுதிய கடிதம்.

*

குளத்தில் முழுகி, ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது வெயில் பனைகளுக்கு மேலே நின்றது. முற்றம் சாணகம் தெளித்திருந்தது. வீடு கழுவியிருந்தது. அவளைக் கிடத்திய இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. சின்னாச்சி தன் வீட்டில் சமைத்த சோற்றைக் கொண்டுவந்து மூடி வைத்திருந்தாள். மார்க்கண்டுவும் மற்றவர்களும் பந்தலில் இருந்தார்கள்.

குமிழிச் சத்தம் கேட்கவில்லை.

கொட்டிலுக்குப் போனான். சாடி இருந்தது. தண்ணீர் இருந்தது. அம்மீற்றரின் ஊசி பூச்சியத்தில் கிடந்தது. கம்பியின் நுனியில் ஒன்றும் இல்லை.

கிணற்றடியில் தும்பு உரசும் சத்தம் கேட்டது. அங்கே போனான்.

தங்கமுத்து கல்லில் குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் பழப்புளி, இன்னொரு சிரட்டையில் சாம்பல். கையில் எதையோ சாய்த்துப் பிடித்து, முழு உடம்பையும் முன்னும் பின்னும் அசைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செத்த வீட்டுச் சாமான்களில் ஒன்று என்று முதலில் நினைத்தான். அவள் தண்ணீர் விட்டுக் கழுவி நிமிர்த்தியபோது அது உள்ளங்கை அகலம் என்று கண்டான். அந்தப் பக்கம் முடிந்திருந்தது. வெள்ளையாக, புது ரூபாயைப்போல மினுங்கியது.

"மாமி" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். "கம்பியை மெதுவாத்தான் கழட்டினனான், தம்பி. உங்கடை சாடிக்கு ஒண்டும் நடக்கேல்லை. பயப்படாதேங்கோ."

"ஏன் உதை..."

"அவள் சொன்னவள்."

"ஆர்?"

"கமலா. கடைசியா."

அவன் கிணற்றுக் கட்டில் கையை வைத்தான்.

"நீங்கள் கொட்டிலுக்குப் போனாப்போலை கஞ்சி பருக்கினன். ரெண்டு கரண்டி குடிச்சாள். மூண்டாவதைக் கையாலை தள்ளினாள். என்னைப் பாத்து, 'அம்மா, தகடு மினுக்க வே...' எண்டாள். அவ்வளவுதான். வேணும் எண்டு முடிக்கவும் ஆண்டவன் விடேல்லை. வாய் அப்பிடியே நிண்டிட்டுது."

அவன் தகட்டைப் பார்த்தான்.

"காலமை தொடக்கம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன், மறந்துபோடுவன் எண்ட பயத்திலை. தகடு மினுக்க வேணும், தகடு மினுக்க வேணும் எண்டு. வாய்க்கரிசி போடேக்கை அவளின்ரை காதிலையும் சொல்லிவிட்டனான், நீ போ பிள்ளை, நான் மினுக்கிறன் எண்டு." தும்பைச் சாம்பலில் தோய்த்தாள். "அவள் சொன்ன தகடு உதுதானே, தம்பி? உந்தச் சாடியிலை வேறை தகடு இல்லையே?"

வேணும். வேண்டாம். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அவள் எதைச் சொல்ல எடுத்தாள் என்று அவனைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"உதுதான், மாமி" என்றான்.

"பாருங்கோ, எவ்வளவு ஊத்தை. வருத்தத்திலை கிடந்தவளுக்கு உதுதான் மனத்திலை அரிச்சிருக்கு. ஒரு சட்டியை மினுக்காமல் விட்டிட்டுப் படுக்காத பிள்ளை." தகட்டைத் திருப்பினாள்.

மற்றப் பக்கம் இன்னும் அப்படியே இருந்தது. சாம்பலும் கறுப்புமான படை, ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரு கீறலும் இல்லாமல். ஒரு பக்கம் போதும். தெற்கே ரப்பர் ஆராய்ச்சி செய்கிற அந்த மனிதருக்கு ஒரு விரலகலம் இருந்தாலே போதும். கையை நீட்டி வாங்கினால் முடிந்தது. வாங்கினால், ஏன் என்று கேட்பாள்.

மாமியின் கை நரம்புகள் புடைத்திருந்தன. விரல்களில் புளி பட்டு வெளுத்திருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவளுடைய உதடுகள் அசையாமல் இருந்தன.

"இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் தண்ணி வேணும், தம்பி" என்றாள்.

அவன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். அள்ளிக்கொண்டுவந்து, அவள் தேய்க்கத் தேய்க்க மெதுவாக வார்த்தான். கறுப்புத் தண்ணீர் கல்லிலிருந்து இறங்கி வாய்க்காலில் ஓடியது.

"இவ்வளவு காணும், தம்பி. காணும்."

அவன் இன்னொரு வாளி அள்ளினான்.